விளையாட்டுக் கம்ப்யூட்டர்: பணத்தை எதில் போடுவது?

நமது உறுப்பினர்கள் பலர் வீட்டில் பிள்ளைகள் கேட்பது விளையாட்டுக்கான கம்ப்யூட்டர். குறைந்த செலவில் வேண்டுமானால் பாகங்களைத் தனித்தனியாக வாங்கிப் பூட்டிக்கொள்ளலாம். எந்தப் பாகத்தில் செலவிடுவது, எதில் சிக்கனம் கூடாது என்பதை இங்கே பார்ப்போம்.

கிராபிக்ஸ் கார்டு: விளையாட்டின் வேகம் பெரும்பாலும் இதைப் பொறுத்தது. ஆகவே மொத்தப் பணத்தில் பெரும் பங்கை இதற்கே ஒதுக்க வேண்டும். சாதாரண முழு ஹெச்.டி. திரைக்கு, 2021-ல் வந்த ரேடியான் ஆர்.எக்ஸ். 6600 போன்ற 8 ஜி.பி. கார்டு போதுமானது.

பிராசசர்: 2022-ல் வந்த ரைசன் 5 5600 போன்ற ஆறு கோர் பிராசசர் இதற்குப் பொருந்தும். இதில் திரைக்குப் படம் தரும் பகுதி கிடையாது. இன்டெலில் பெயரின் இறுதியில் 'எஃப்' என்று இருந்தாலும் அப்படியே. கார்டைப் பிறகு வாங்கலாம் என்று விட்டால் திரை இருட்டாகவே இருக்கும்.

மதர்போர்டு, ராம்: ஏ.எம்.4 பிராசசருக்கு டி.டி.ஆர்.4 ராம், ஏ.எம்.5-க்கு டி.டி.ஆர்.5. மாற்றி வாங்கினால் செருகவே முடியாது. 16 ஜி.பி. வேண்டுமானால் இரண்டு 8 ஜி.பி.யாக வாங்குவது நல்லது. ஒரு லாரியில் இரண்டு பேர் மூட்டை இறக்குவது போல் வேலை விரைவாக நடக்கும்.

எஸ்.எம்.பி.எஸ்.: பலரும் ஏமாறும் இடம் இதுதான். கேபினெட்டோடு சேர்த்துத் தரும் மலிவுச் சரக்கு பழுதானால் மற்ற பாகங்களையும் சேர்த்துக் கெடுத்துவிடக்கூடும். மேற்சொன்ன கார்டுக்கு 450 வாட்ஸ் பரிந்துரைக்கப்படுகிறது. '80 பிளஸ்' முத்திரை மின்சிக்கனத்தை மட்டுமே காட்டும். தரத்துக்கு அது உத்தரவாதமல்ல. நல்ல கம்பெனியா, எத்தனை ஆண்டு வாரண்டி என்று பார்த்து வாங்க வேண்டும்.

பழைய கம்ப்யூட்டர்: அலுவலகங்கள் கழித்துவிட்ட பெட்டிகள் மலிவாகக் கிடைக்கும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. இன்டெல் ஆறாம் தலைமுறைப் பிராசசர்களை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. இதையும் கணக்கில் கொண்டே விலை பேச வேண்டும்.

பில்: ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் பில்லில் இருக்கட்டும், வாரண்டி பாகத்துக்குப் பாகம் வேறுபடும். கடையின் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்து உள்ளீட்டு வரி எடுக்கலாமே என்று சிலருக்குத் தோன்றலாம். பிள்ளையின் விளையாட்டு சொந்த உபயோகம். சட்டத்தின் 17(5) பிரிவு அதை அனுமதிப்பதில்லை. எடுத்துப் பயன்படுத்தினால் வட்டியோடு திருப்பிக் கட்ட நேரிடும்.

மிளகு, மஞ்சள் போல ராம் விலையும் கார்டு விலையும் ஏறி இறங்கும். எனவே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, மூன்று கடைகளிலாவது ஒரே நாளில் விலை கேட்டபின் வாங்குவதே வியாபாரிக்கு அழகு.