உடம்பெல்லாம் வலி, ரிப்போர்ட் மட்டும் நார்மல்: எப்படி?

திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். மார்கழிக் காலையில் தண்ணீரில் கை வைத்தால் சுரீரென்கிறது. அயர்ன் டேபிள் பக்கம் போனால் சூடு தாங்கவில்லை. மாதக்கணக்கில் உடம்பெல்லாம் வலி. ரத்தப் பரிசோதனையிலும் எக்ஸ்ரேயிலும் கோளாறில்லை. உழைத்த அலுப்பு என்று தள்ளிவிடுவீர்களா? ஃபைப்ரோமயால்ஜியா என்ற நாள்பட்ட வலி நோயாகவும் இருக்கலாம். பெண்களிடம்தான் இது அதிகம் கண்டறியப்படுகிறது.

நிட்டிங் மெஷினில் நூல் அறுந்தால் சென்சார் ஓட்டத்தை நிறுத்திவிடும் அல்லவா? அந்த சென்சாரின் கூர்மையை அளவுக்கு மேல் கூட்டிவிட்டால், பறக்கும் பஞ்சுக்கும் மெஷின் நிற்கும். நூல் அறவில்லை, ஆனால் மெஷின் நின்றது நிஜம்.

இந்நோயில் தண்டுவடமும் மூளையும் அப்படித்தான் ஆகிவிடுகின்றன. 2002-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கட்டைவிரல் நகத்தை அழுத்தியபடியே மூளையை ஸ்கேன் செய்தார்கள். மற்றவர்களுக்கு லேசாகத் தெரிந்த அதே அழுத்தம், இந்நோயுள்ளவர்களின் மூளையில் வலிக்குரிய பகுதிகளைத் தட்டி எழுப்பியது. நடிப்பு என்று சொன்னவர்களுக்கு இதைவிட நல்ல பதில் வேண்டுமா?

சூடும் குளிரும் வலியாக மாறும் எல்லையும் இவர்களுக்குச் சீக்கிரமே வந்துவிடுகிறது. உள்ளங்கைத் தோலில், ரத்தத்தைத் திருப்பிவிட்டு உடல் வெப்பத்தைச் சரிசெய்யும் நுண்குழாய் இணைப்புகள் உண்டு. 2013-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், இந்நோயுள்ள பெண்களுக்கு அவற்றைச் சுற்றி உணர்வு நரம்பிழைகள் மிகுதியாக இருந்தன. முழு விளக்கம் அதுவல்ல. ஒரு நல்ல துப்பு.

இந்நோய்தான் என்று முடிவுசெய்யும் முன், தைராய்டு கோளாறு, ரத்தசோகை இல்லையென்று பார்க்க வேண்டும். சிகிச்சையைப் பொறுத்தவரை, 2017-இல் ஐரோப்பிய மூட்டுவாத அமைப்பு வலுவாகப் பரிந்துரைத்தது மருந்தை அல்ல, உடற்பயிற்சியை மட்டுமே. மெல்ல ஆரம்பித்துக் கூட்ட வேண்டும். ஒன்றரை ஷிஃப்ட் பார்ப்பவருக்கு அதற்கு நேரம் எங்கே என்று கேட்டால், அதற்கு டாக்டரிடம் மாத்திரை இல்லை.