காற்று ஆகாத கிருமியும் சிறுநீரக நோயாளரின் காய்ச்சலும்

"லேசாக் குளிருது, காய்ச்சல்தான், ரெண்டு பனடோல் போட்டாச் சரி." களுதாவளையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வீட்டுக்கு வீடு கேட்கிற பேச்சு இது. சாதாரண ஆளுக்கு அது பொருந்தலாம். சிறுநீரகம் செயலிழந்து, மட்டக்களப்புக்குப் போய் இரத்தச் சுத்திகரிப்புச் செய்து வருபவருக்குப் பொருந்தாது. அவருக்குக் குளிர்காய்ச்சல் வந்தால், இரத்தத்தில் கிருமி ஏறியிருக்கலாம் என்றே முதலில் எண்ண வேண்டும்.

காரணம் இரண்டு. சிறுநீரகம் பழுதானால் உடலின் எதிர்ப்புச் சக்தியும் குறைகிறது. அதோடு, குத்துகிற ஊசியும் கழுத்தில் போட்ட குழாயும் கிருமிக்கு வழி திறந்துவிடுகின்றன. அப்படி நுழைவது பெரும்பாலும் தோலில் வாழும் ஸ்டெபிலோகொக்கஸ் இனம். ஆகவே வன்கோமைசினும், கூடவே ஜென்டாமைசின் போன்ற இன்னொன்றும் முதலில் கொடுப்பதுண்டு.

அரிதாக வேறொரு கூட்டம் ஏறும். ஒட்சிசன் இல்லாத இடத்தில் வாழும் பற்றீரியாக்கள் அவை. காற்றின்றியும் உயிர் வாழலாம் என்று 1861இல் காட்டியவர் லூயி பாஸ்டர். நம் முரசிலும் பெருங்குடலிலும் இவை எப்போதும் உண்டு. அங்கே இருக்கும்வரை பெரிய தொந்தரவில்லை. சீழ் பிடித்த பல், குடலில் விழுந்த ஓட்டை, நீரிழிவுக்காரரின் காற்புண் ஆகியவற்றின் வழியாக இரத்தத்துக்குள் போனால்தான் ஆபத்து.

இவற்றைக் கண்டுபிடிக்க, எடுத்த இரத்தத்தை இரண்டு போத்தல்களில் பிரித்து விட வேண்டும். ஒன்றில் ஒட்சிசன் இருக்கும், மற்றதில் இருக்காது. அந்த இரண்டாவதில் ஊசியிலுள்ள காற்றும் போய்விடக் கூடாது. முதல் போத்தல் மட்டும் எடுத்தால் இந்தக் கிருமி அதில் வளராது. "ஒன்றுமில்லை" என்று அறிக்கை வரும், காய்ச்சல் மட்டும் விடாது.

மருந்திலும் இதே சிக்கல். ஜென்டாமைசின் கிருமிக்குள் நுழையவே ஒட்சிசன் தேவை. ஆகவே இங்கே அது பலிக்காது. வன்கோமைசின் சிலவற்றை அடக்கும். குடலில் வாழும் பற்றீரொயிட்ஸை அடக்காது. அதற்குக் கைகொடுப்பது மெட்ரோனிடசோல். வேறொரு தொற்றுக்கு இதை எடுத்த பெண்ணின் முரசு நோயும் மாறியதை 1962இல் ஷின் என்ற பல் வைத்தியர் எழுதினார். அதன் பிறகே இந்தப் பயன் தெரியவந்தது. இரத்தச் சுத்திகரிப்பு இம்மருந்தையும் உடலிலிருந்து வெளியேற்றிவிடும். அதனால் வேளையை வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும்.

மருந்தோடு வேலை முடியாது. கிருமி எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டும். சீழ்க்கட்டு இருந்தால் வடிக்க வேண்டும், கெட்ட பல்லைப் பிடுங்க வேண்டும், குடலை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். ஊற்றை அடைக்காமல் தண்ணீரை இறைத்து என்ன பயன்?

நம்மால் செய்யக்கூடியதும் உண்டு. களுதாவளை வெற்றிலைக்குப் பேர் போன ஊர். ஆனால் பாக்கும் புகையிலையும் சேர்த்துச் சப்புவது முரசைக் கெடுக்கும்; சிறுநீரக நோயாளர் அதை விடுவதே நல்லது. பல்லையும் பாதத்தையும் அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்காய்ச்சல் வந்தால் பாமசியில் மாத்திரை வாங்கி விழுங்காமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். நுண்ணுயிர்கொல்லி ஏற்றுமுன் இரத்தம் எடுத்தால்தான் கிருமி அகப்படும். பல்வலி, வயிற்றுவலி, காற்புண் எது இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். வைத்தியர் எங்கே தேடவேண்டும் என்பதை அந்த ஒரு வார்த்தை காட்டிவிடும்.