உங்களுக்குத் தெரியுமா? கறுப்பு வெள்ளை பிலிம்

மாடு கடுகு தின்றதால்தான் நமக்கு சினிமாவே கிடைத்தது! கோடக் ஆய்வுக்கூடத்தின் தலைவராக இருந்த கென்னத் மீஸ் வேடிக்கையாக இப்படிச் சொல்வதுண்டு. பிலிமில் வெள்ளி உப்பைப் பிடித்து வைத்திருப்பது ஜெலட்டின். அது மாட்டுத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. ஒரு ஜெலட்டினில் செய்த பிலிம் வெளிச்சத்தைச் சட்டென்று பிடித்தது, இன்னொன்று மந்தமாகவே கிடந்தது. ஏன் என்று 1925-ல் கண்டுபிடித்தவர் அங்கே வேலை பார்த்த சாமுவேல் ஷெப்பர்டு. மாடு மேய்ந்த கடுகு வகைச் செடிகளின் கந்தகச் சத்து துளியூண்டு ஜெலட்டினிலும் தங்கியிருந்ததுதான் காரணம். இன்றைக்கும் பிலிமில் இருப்பது ஜெலட்டின்தான். சுத்த சைவக்காரர்கள் மன்னிக்க!

ஷட்டர் மூடிய நொடியிலேயே படம் பிலிமில் விழுந்துவிடுகிறது. கண்ணுக்குத்தான் தெரியாது. வெள்ளி உப்பின் ஒரு துகளில் நாலைந்து வெள்ளி அணுக்கள் ஒன்றுசேர்ந்தால் போதும், பிலிமைக் கழுவும் டெவலப்பர் திரவம் அந்தத் துகளை முழுவதுமாகக் கறுத்த வெள்ளியாக்கிவிடும். கோடிக்கணக்கான மடங்கு பெருக்கம் இது. டெவலப்பர் வரும்வரை அந்தப் படம் எத்தனை வருடம் காத்திருக்கும்?

33 வருடம் காத்திருந்த கதை ஒன்று உண்டு. 1897-ல் ஆந்த்ரே என்ற ஸ்வீடன்காரர் இரண்டு கூட்டாளிகளோடு பலூனில் வட துருவத்துக்குக் கிளம்பினார். மூன்றாம் நாளே பலூன் பனியில் இறங்கிவிட்டது. அப்புறம் மூவரும் என்ன ஆனார்கள் என்று ஊருக்கு ஒன்றும் தெரியவில்லை. 1930-ல் வெள்ளைத் தீவில் அவர்களுடைய உடல்களும் முகாமும் கிடைத்தன. கூடவே, கழுவாத பிலிம். ஸ்டாக்ஹோமில் ஜான் ஹெர்ட்ஸ்பெர்க் என்பவர் பொறுமையாக உட்கார்ந்து கழுவியதில் சுமார் 240 படங்களில் 93 தேறின. பனியில் சாய்ந்து கிடக்கும் பலூனை இருவர் நின்று பார்க்கும் படம் அதில் ஒன்று. எடுத்தவர் நில்ஸ் ஸ்ட்ரிண்ட்பெர்க், மூவரில் இளையவர். தாத்தாவின் பெட்டியில் எடுத்து முடித்த ரோல் ஏதாவது கிடந்தால், தயவுசெய்து குப்பையில் போடாதீர்கள்.

சினிமாவில் வரும் டார்க் ரூமில் எப்போதும் சிவப்பு விளக்கு எரியும். பிரிண்ட் போடும்போது அது சரி. ஆனால் இன்றைய பிலிமை அந்த வெளிச்சத்தில் பிரித்தால் போச்சு, மொத்த ரோலும் லைட் அடித்துவிடும். அந்தக் கால பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. அதனால்தான் பழைய பாக்ஸ் கேமராக்களின் முதுகில் படத்தின் எண்ணைப் பார்க்கச் சிவப்புக் கண்ணாடி ஜன்னல் வைத்தார்கள். இப்போதைய பிலிமுக்கு எல்லா நிறமும் தெரியும். ஆகவே ஜன்னல் மேல் ஒரு கறுப்பு டேப் ஒட்டிவிட்டு, நிழலில் நின்று ரோல் சுற்றும்போது மட்டும் பிரித்துப் பாருங்கள்.

120 என்ற ரோல் 1901-ல் கோடக் பிரௌனி கேமராவுக்காக வந்தது. இன்றும் புதிதாகத் தயாராகிறது! பரோடாவில் தயாராகி நம் வீடுகளில் புழங்கிய அக்பா கிளிக் 3-க்கும் இதே ரோல்தான், 12 சதுரப் படங்கள். பழைய கேமரா வாங்கும்போது 620 என்று போட்டிருந்தால் மட்டும் உஷார். பிலிம் அதேதான், ஆனால் சுற்றும் கட்டை ஒல்லி. இருட்டில் உட்கார்ந்து வேறு கட்டைக்கு மாற்றிச் சுற்ற வேண்டும்.

காபியில் பிலிம் கழுவலாம். இன்ஸ்டன்ட் காபித்தூள், சலவைச் சோடா, வைட்டமின் சி மூன்றும் போதும். காபியில் கழுவும் யோசனை 1995-ல் அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரத்துக் கல்லூரி வகுப்பு ஒன்றில் பிறந்தது. வேலை செய்வது கஃபீன் இல்லை, காபியில் உள்ள கஃபீக் அமிலம். நாற்றம் மட்டும் காபி மாதிரி இருக்காது. வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்துச் செய்வது உத்தமம்.

இல்ஃபோர்டு எச்பி5 பிலிமை மேலும் தண்ணீர் கலக்காத டி-76 டெவலப்பரில் 20 டிகிரியில் 7½ நிமிடம் கழுவ வேண்டும் என்பது கணக்கு. 20 டிகிரியா? சென்னையில் மே மாதக் குழாயைத் திறந்தால் வெந்நீர் அல்லவா கொட்டுகிறது! சூடு ஏற ஏற நேரம் குறையும். ரொம்பக் குறைந்தால் படம் திட்டுத் திட்டாக வரும், ஜெலட்டினும் இளகும். டப்பில் ஐஸ் போட்டு அதில் பாட்டிலை நிறுத்தி வைப்பதுதான் எளிய வழி. தெர்மாமீட்டர் இல்லாமல் இந்த ஊரில் இறங்காதீர்கள்.

குளிரையும் தூசியில்லாத காற்றையும் தேடித்தான் இந்திய அரசு தன் பிலிம் தொழிற்சாலையை ஊட்டியில் கட்டியது. பெயர் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். 1960-ல் தொடங்கிய நிறுவனம், பிரெஞ்சுக்காரர்களின் தொழில்நுட்பம், ‘இந்து’ என்ற பிராண்ட். கறுப்பு வெள்ளை ரோல், போட்டோ பேப்பர், ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பிலிம் எல்லாம் மலையிலிருந்து இறங்கின. கலர் வந்தபோது தடுமாறி, கடைசியில் மூடிவிட்டார்கள். ஊட்டியில் இந்து நகர் என்ற பெயர் மட்டும் இருக்கிறது.

பழைய லென்ஸ் மஞ்சளித்திருக்கிறதா? கண்ணாடியில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்திருக்கலாம். பென்டாக்ஸின் 50 மி.மீ. சூப்பர் டாகுமார் இதற்குப் பேர்போனது. சில நாள் வெயிலில் வைத்தால் மஞ்சள் வெளுக்கும்.

1945-ல் கோடக்கின் எக்ஸ்ரே பிலிம்களில் புள்ளி விழுகிறது என்று புகார் வந்தது. ஜூலியன் வெப் என்ற விஞ்ஞானி துருவிப் பார்த்தார். குற்றவாளி பிலிமைப் பொதிந்த வைக்கோல் அட்டை. அதில் கதிரியக்கம்! அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஆற்றுத் தண்ணீரில் செய்த அட்டை அது. ஆயிரம் மைலுக்கு அப்பால் ஜூலை மாதம் நடந்த முதல் அணுகுண்டு சோதனையின் தூசி மழையோடு அந்த ஆற்றில் கலந்திருந்தது.

நிலாவின் மறுபக்கத்தை மனிதன் முதலில் பார்த்ததும் பிலிமில்தான். 1959 அக்டோபரில் சோவியத்தின் லூனா 3, 29 படம் எடுத்து, விண்வெளியிலேயே கழுவி, உலர்த்தி, ஸ்கேன் செய்து ரேடியோவில் அனுப்பியது. அந்த பிலிம் எங்கிருந்து வந்தது என்பதுதான் வேடிக்கை. சோவியத்தை வேவு பார்க்க அமெரிக்கா பறக்கவிட்ட பலூன்களிலிருந்து கிடைத்ததாம். கதிர்வீச்சைத் தாங்கும் அளவு நல்ல சரக்கு!