வீட்டை இழுத்துக்கொண்டு போகிறவர்களின் இராத்தங்கல்

டிராவல் டிரெய்லருக்கு எஞ்சின் கிடையாது. கட்டில், கேஸ் அடுப்பு, ஃபிரிட்ஜ், ஏ.சி., கழிப்பறை, குளியலறை எல்லாம் உண்டு. நகர்வதற்கு மட்டும் ஒரு பிக்கப் டிரக்கின் தயவு வேண்டும். கோடை விடுமுறை தொடங்கியதும் அமெரிக்க நெடுஞ்சாலைகளில் இந்த வெள்ளைப் பெட்டிகள் வரிசையாக மேற்கே போகும். பெரும்பாலும் 6 முதல் 10 மீட்டர் நீளம் இருக்கும். பண்டபாத்திரங்களோடு எடை போட்டால் பல பெட்டிகள் 3 டன்னைத் தாண்டும்.

பகல் முழுவதும் அது வெறும் சுமைதான். வண்டி ஓடும்போது டிரெய்லருக்குள் ஆள் உட்கார்ந்து வரப் பெரும்பாலான மாநிலங்களில் அனுமதி இல்லை. சாயங்காலம் ஓரிடத்தில் நிறுத்திய பிறகுதான் அது வீடாகிறது. அதற்கு அந்த இடம் நான்கு விஷயங்களைக் கொடுக்க வேண்டும்: சமமான தரை, மின்சாரம், தண்ணீர், கழிவு போக வழி. இதில் எது இல்லாமல் எத்தனை நேரம் தாங்கலாம் என்ற கணக்குதான் இன்றிரவு எங்கே படுப்பது என்பதை முடிவு செய்கிறது. பயணம் போகிறவருக்கு ஏரிக்கரையில் தங்க ஆசை இருக்கலாம். பெட்டிக்கு அடியில் இருக்கும் தொட்டி நிரம்பிவிட்டால் ஏரியைப் பார்த்துக்கொண்டே கடந்துபோக வேண்டியதுதான்.

சிகாகோவிலிருந்து யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போகும் பாதையை எடுத்துக்கொள்வோம். இன்டர்ஸ்டேட் 90 என்ற நெடுஞ்சாலையைப் பிடித்தால் கடைசி ஐம்பது மைல் வரை வேறு சாலை தேவையில்லை. மொத்தம் சுமார் 1,400 மைல், அதாவது 2,250 கிலோமீட்டர். டிரெய்லர் இல்லாமல் காரில் போகிறவர்கள் இரண்டு நாளில் முடித்துவிடுவார்கள். டிரெய்லர்காரர்களிடம் ‘மூன்று மூன்று மூன்று’ என்றொரு விதி புழங்குகிறது: ஒரு நாளைக்கு 300 மைலுக்கு மேல் ஓட்டாதே, பிற்பகல் 3 மணிக்குள் போய்ச் சேர், ஓரிடத்தில் 3 இரவு தங்கு. மூன்றாவதை விடுமுறை குறைவாக உள்ளவர்கள் யாரும் கடைப்பிடிப்பதில்லை. முதல் இரண்டும் அனுபவசாலிகளின் அறிவு. டிரெய்லர் டயர்கள் பலவற்றை மணிக்கு 65 மைல் வேகத்துக்கென்றே தயாரிக்கிறார்கள். தெற்கு டகோட்டாவில் சாலையின் வேக வரம்பு 80 மைல். வரம்பு இருக்கிறதே என்று ஜூலை வெயிலில், கொதிக்கும் தார்ச்சாலையில் அந்த வேகத்தைத் தொட்டால் டயர் வெடிக்கலாம். கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வண்டிக்குச் சட்டமே 55 மைல்தான்.

300 மைல் கணக்கில் இந்தப் பாதையை வெட்டினால் இராத்தங்கல் ஊர்கள் தாமாகவே வந்து நிற்கின்றன. மிசிசிப்பிக் கரையில் லா கிராஸ், அடுத்து சூ ஃபால்ஸ், பிறகு வால், ஷெரிடன், கடைசியில் பூங்காவின் வடக்கு வாசலான கார்டினர். தெற்கு டகோட்டாவின் நடுவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்ப வேண்டியிருப்பதால் மேற்கே போகும் அன்று ஒரு மணி நேரம் இனாமாகவும் கிடைக்கும்.

மூன்று மணிக்குள் சேரச் சொல்வதற்குக் காரணம் இருட்டுவதற்குள் வேலை முடிய வேண்டும் என்பது. முதல் வேலை ரசமட்டம் பார்ப்பது. கொத்தனார் வைத்திருக்கும் அதே ரசமட்டம்தான். டிரெய்லரின் முகப்பிலும் பக்கத்திலும் ஒட்டியிருக்கும். இடவலச் சாய்வு இருந்தால் தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்தைப் பலகை மேல் ஏற்ற வேண்டும். அதன் பிறகு சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, டிரக்கிலிருந்து பெட்டியைக் கழற்றி, முன்பக்க ஜாக்கியை ஏற்றி இறக்கி நீளவாக்கில் மட்டம் செய்வார்கள். கட்டை போடாமல் கழற்றினால் பெட்டி தன் இஷ்டத்துக்கு உருண்டு போய்விடும்.

படுக்கும்போது தலைப்பக்கம் உயரமாக இருக்க வேண்டும் என்பதற்காக மட்டுமா இந்தப் பாடு? இல்லை, ஃபிரிட்ஜுக்காகவும்தான். நம் வீட்டு ஃபிரிட்ஜில் கம்ப்ரசர் ஓடிக் குளிரூட்டுகிறது. டிரெய்லரில் பல காலமாக இருந்து வருவது நெருப்பை வைத்துக் குளிரூட்டும் ஃபிரிட்ஜ். 1922இல் ஸ்வீடனில் பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் இதை உருவாக்கினார்கள். சில ஆண்டுகளில் எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் அதை வாங்கிச் சந்தைக்குக் கொண்டுவந்தது. உள்ளே அம்மோனியா கலந்த நீரும் ஹைட்ரஜனும் அடைபட்டிருக்கும். அடியில் ஒரு சிறு கேஸ் சுடர் அந்த நீரைச் சுட வைக்கும். அம்மோனியா ஆவியாகப் பிரிந்து மேலே ஏறி, பின்புறக் குழாய்களில் குளிர்ந்து திரவமாகிக் கீழே வழியும். ஹைட்ரஜன் நிறைந்த பகுதிக்குள் வந்ததும் அம்மோனியாவின் பங்கு அழுத்தம் சட்டென்று குறைவதால் அது மறுபடி ஆவியாகும். ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை ஃபிரிட்ஜுக்குள்ளிருந்து உறிஞ்சிக்கொள்ளும். பால் குளிர்வது அதனால்தான். பிறகு நீரில் கரைந்து பழையபடி சுடருக்குத் திரும்பும்.

இந்தச் சுற்றில் மோட்டார் இல்லை, சுழலும் பாகம் ஒன்றுகூட இல்லை. திரவம் கீழிறங்குவது முழுக்கப் புவியீர்ப்பை நம்பித்தான். பெட்டி சாய்ந்து நின்றால் குழாயின் ஒரு மூலையில் திரவம் தேங்கும்; சுடர் மட்டும் விடாமல் எரியும். துருப்பிடிக்காமலிருக்கக் கலந்திருக்கும் வேதிப்பொருள் அதிகச் சூட்டில் கட்டியாகிக் குழாயை அடைத்துவிடும். அதற்குப் பிறகு அந்த ஃபிரிட்ஜுக்கு விமோசனம் இல்லை. மலைச்சாலையில் சாய்ந்து சாய்ந்து ஓடும்போது ஒன்றும் ஆவதில்லையே என்று கேட்கலாம். ஓடும்போது குலுங்கிக்கொண்டே இருப்பதால் திரவம் ஓரிடத்தில் தேங்குவதில்லை. நிறுத்திவிட்டுத் தூங்கும் இரவில்தான் ஆபத்து. இப்போது வரும் பல பெட்டிகளில் 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் வந்துவிட்டது. அதற்குச் சாய்வைப் பற்றிக் கவலையில்லை. பதிலுக்கு பாட்டரியைத் தின்னும்.

மின்சாரத்தின் கணக்கு கோடையில் கறாரானது. விளக்கு, தண்ணீர் பம்ப், ஹீட்டரின் விசிறி எல்லாம் 12 வோல்ட் பாட்டரியில் ஓடும். 100 ஆம்பியர்-மணி ஈய பாட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். ஆக, கையில் இருப்பது 600 வாட்-மணி. கூரையில் இருக்கும் ஏ.சி.க்கு ஏறத்தாழ 1,500 வாட் வேண்டும். இன்வெர்ட்டர் வைத்து ஓட்டினாலும் அரை மணி நேரம்கூடத் தாங்காது. எனவே ஏ.சி. போட்டுத் தூங்க வேண்டுமானால் மின் இணைப்புள்ள முகாமுக்குப் போக வேண்டும், அல்லது ஜெனரேட்டர் ஓட்ட வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் ஜெனரேட்டர் சத்தத்தைப் பெரும்பாலான முகாம்கள் பொறுத்துக்கொள்வதில்லை.

முகாமில் ஒவ்வொரு மனைக்கும் ஒரு கம்பம் நட்டிருப்பார்கள். அதில் 30 ஆம்பியர் இணைப்பு இருந்தால் 120 வோல்ட்டில் 3,600 வாட் கிடைக்கும், ஒரு ஏ.சி.யும் மைக்ரோவேவும் சேர்ந்து ஓடலாம். 50 ஆம்பியர் இணைப்பில் இரண்டு 120 வோல்ட் கம்பிகள் வருவதால் 12,000 வாட். பெயரில் 20 ஆம்பியர்தான் கூடுதல், சக்தியில் மூன்று மடங்குக்கு மேல். பழைய முகாம்களில், வெயில் உச்சத்தில் எல்லோரும் ஏ.சி. போடும்போது லோ வோல்டேஜ் வந்து கம்ப்ரசர் எரிவது அமெரிக்காவிலும் நடக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் கம்பத்துக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு பாதுகாப்புக் கருவியை மாட்டுவார்கள். வோல்டேஜ் ரொம்ப இறங்கினால் அதுவே இணைப்பைத் துண்டிக்கும்.

அடுத்தது தொட்டிகள். நல்ல தண்ணீருக்கு ஒன்று. குளியல், பாத்திரம் கழுவிய நீருக்கு இரண்டாவது. இதை ‘சாம்பல்’ தொட்டி என்பார்கள். கழிப்பறைக்கு மூன்றாவது, அது ‘கறுப்பு’. நடுத்தரப் பெட்டியில் ஒவ்வொன்றும் 100 முதல் 150 லிட்டர் பிடிக்கும். நான்கு பேர் வீட்டில் குளிப்பதுபோலக் குளித்தால் சாம்பல் தொட்டி ஒரு நாளில் நிரம்பிவிடும். கறுப்பு சில நாள் தாங்கும். காலி செய்யும்போது கறுப்பை முதலில் திறக்க வேண்டும், சாம்பலைப் பிறகு. சோப்புத் தண்ணீர் பின்னால் வந்து குழாயைக் கழுவிவிடும். கழிவுக் குழாய் மாட்டியிருக்கிறதே என்று கறுப்புத் தொட்டியின் அடைப்பானை எப்போதும் திறந்தே வைப்பது புதியவர்கள் செய்யும் காரியம். நீர் மட்டும் வடிந்து போகும், மற்றது உள்ளே காய்ந்து மலையாகும். மூடியே வைத்து, முக்கால் பங்கு நிரம்பிய பிறகு ஒரேயடியாகத் திறந்துவிட வேண்டும். தொட்டி நிறைய நீரோடு ஓட்டுவதும் எடைதான்: 150 லிட்டர் என்றால் 150 கிலோ. பெட்டியின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்னால், டிரக்கோடு இணைக்கும் ஹிட்ச் உருண்டையின் மீது அழுந்த வேண்டும் என்பது பொதுக் கணக்கு. எடை பின்பக்கம் சேர்ந்தால் பெட்டி வாலாட்டத் தொடங்கும். தெற்கு டகோட்டாவின் பக்கவாட்டுக் காற்று அதற்குத் தூபம் போடும்.

நான்கும் கிடைக்கிற இடத்தை ‘முழு இணைப்பு’ மனை என்று சொல்கிறார்கள். இதைச் சங்கிலித் தொடர் வியாபாரமாக்கியது கே.ஓ.ஏ. நிறுவனம். அது பிறந்ததும் நம் பாதையில்தான். 1962இல் சியாட்டில் உலகக் கண்காட்சிக்குப் போகும் குடும்பங்கள் மொன்டானாவின் பில்லிங்ஸ் நகரைக் கடந்துகொண்டிருந்தன. டேவ் டிரம் என்ற உள்ளூர்த் தொழிலதிபர் யெல்லோஸ்டோன் ஆற்றங்கரையில் தன் நிலத்தில் அவர்களுக்கு வெந்நீர்க் குளியலறையும் சுத்தமான கழிப்பறையும் சிறு கடையும் வைத்துக் கொடுத்தார். மஞ்சள் பெயர்ப்பலகையோடு இன்று அமெரிக்காவெங்கும், கனடாவிலும் அந்த முகாம்கள் உண்டு.

ஒரே இரவுக்கு முழு இணைப்புக்குப் பணம் கட்டுவது சிலருக்கு மனசாகாது. தொட்டியில் தண்ணீரும் பாட்டரியில் சார்ஜும் இருந்தால் அவர்களுக்கு வால்மார்ட் கடையின் வாகன நிறுத்தம் போதும். பல கிளைகள் இரவு நிறுத்த அனுமதிக்கின்றன, சில ஊர்களில் சட்டம் தடுக்கிறது. மேலாளரைக் கேட்டுவிடுவது முறை. அங்கே நாற்காலி போடுவதும் வெய்யில் மறைப்பை விரிப்பதும் மரியாதை இல்லை. வெயிலில் இளகிய தாரில் ஜாக்கிக் காலை இறக்கினால் குழி விழும். லாரி நிறுத்தங்களிலும் ஒதுங்கலாம். ஆனால் லாரிக்கென்று கோடு போட்ட இடத்தில் விடுமுறைக்காரர்கள் டிரெய்லரை நிறுத்துவது அநியாயம் என்பேன். அமெரிக்க லாரி ஓட்டுநர் 11 மணி நேரம் ஓட்டினால் தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வெடுத்தாக வேண்டும் என்பது கூட்டரசுச் சட்டம். அவருக்கு அந்த இடம் கிடைக்காவிட்டால் சாலையோரம்தான் கதி.

வால் ஊருக்கு வந்தால் வேறொரு வசதி. 1931இல் டெட் ஹஸ்டெட் வாங்கிய சிறு மருந்துக்கடை, 1936இல் இலவச ஐஸ் தண்ணீர் என்று சாலையோரப் பலகை வைத்துப் பெருங்கடையாக வளர்ந்த ஊர் அது. ஊருக்குத் தெற்கே, பேட்லேண்ட்ஸ் செங்குத்துச் சரிவின் விளிம்பில் பஃபலோ கேப் தேசியப் புல்வெளி இருக்கிறது. அரசு நிலம், 14 நாள் வரை இலவசமாகத் தங்கலாம். குழாய் இல்லை, கம்பம் இல்லை, குப்பைத்தொட்டிகூட இல்லை. எதிரே வண்ண வண்ண மண்மலைகள். என்னைக் கேட்டால் இந்தப் பாதையின் மிகச் சிறந்த இராத்தங்கல் இதுதான். மழை பெய்தால் மட்டும் அந்த மண்சாலை களியாகிச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

சமவெளியில் கோடை மாலைகள் இடிமழைக்குப் பேர்போனவை. ஆலங்கட்டி விழும், சூறாவளிக்காற்று சுழலும். வெய்யில் மறைப்பை விரித்துவிட்டுத் தூங்கப் போனால் ஒரே வீச்சில் அதன் கை முறிந்துவிடும். டிரெய்லர் சூறாவளிக்கு அடைக்கலமே அல்ல. நிறுத்தியதும் இரண்டு விஷயங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: முகாமில் ஒதுங்கக் கான்கிரீட் கட்டடம் எது, நாம் இருக்கும் கவுன்டியின், அதாவது மாவட்டத்தின், பெயர் என்ன. வானிலை எச்சரிக்கையைக் கவுன்டி பெயர் சொல்லித்தான் அறிவிப்பார்கள். வெளியூர்க்காரருக்கு அது தெரியாது.

ஆகஸ்ட் தொடக்கத்தில் போகிறவர்கள் வாலுக்கும் ஷெரிடனுக்கும் நடுவில் இடம் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். 1938இல் தொடங்கிய ஸ்டர்ஜிஸ் மோட்டார்சைக்கிள் விழா அப்போதுதான் நடக்கும். லட்சக்கணக்கில் பைக்குகள் வந்து இறங்கும். யெல்லோஸ்டோனுக்குள் முழு இணைப்பு உள்ள முகாம் ஃபிஷிங் பிரிட்ஜ் ஒன்றுதான். கிரிஸ்லி கரடிகள் நடமாடும் இடம் என்பதால் அங்கே கெட்டிச் சுவர் உள்ள பெட்டிகளுக்கு மட்டுமே அனுமதி. துணிச் சுவர் விரியும் டிரெய்லர்களையும் கூடாரங்களையும் விடமாட்டார்கள்.

பிள்ளைகளைப் பார்க்கக் கோடையில் அமெரிக்கா போகும் பெற்றோருக்கு, “வாடகை டிரெய்லர் எடுத்து எல்லோருமாகப் போகலாம்” என்ற யோசனை வந்தால் மறுக்க வேண்டாம். கிளம்புவதற்கு முன் காலி மைதானம் ஒன்றில் பின்னால் எடுத்துப் பழகச் சொல்லுங்கள்: ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டால், பெட்டியின் பின்புறம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ கையை அந்தப் பக்கம் நகர்த்தினால் போதும். நீங்கள் இறங்கி நின்று, நம் லாரி கிளீனரைப்போல “வரலாம், வரலாம்” சொல்லலாம். ஒரே இரவு தங்கும் ஊர்களில் ‘நேரே நுழைந்து நேரே வெளியேறும்’ மனையைக் கேட்டு வாங்குங்கள். தரை சமமாக இருந்தால் டிரக்கைக் கழற்றவே வேண்டாம். முதல் இரவை வீட்டிலிருந்து நூறு மைலுக்குள், முழு இணைப்பு உள்ள முகாமில் வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது மறந்திருந்தால் திரும்பிப் போய் எடுத்து வரலாம்.