இரட்டைக் குழந்தைகளின் சண்டை: தீர்ப்பு வேண்டாம், துணை வேண்டும்

ஒன்றரை வயது முதல் மூன்று வயது வரையுள்ள இரட்டைக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் சண்டை ஓய்வதில்லை. ஒரே பொம்மை, ஒரே மடி, ஒரே தூளி என எதற்கும் இழுபறி; தள்ளுதல், முடியைப் பிடித்து இழுத்தல், கடித்தல். இவற்றைக் கண்டு, பிள்ளைகள் முரடர்களாக வளர்ந்துவிடுவார்களோ எனப் பெற்றோர் அஞ்சுகின்றனர். இந்தச் சண்டைகளில் பெரும்பாலானவை வளர்ச்சியின் இயல்பான பகுதியே.

காரணம் என்ன?

இவ்வயதில் ஆசை மிகுதி, சொற்கள் குறைவு. "எனக்கு வேண்டும்" என்று சொல்ல இயலாத குழந்தை கையாலும் பல்லாலும் பேசுகிறது. உந்துதலை அடக்க உதவும் மூளையின் முன்பகுதி இன்னும் முதிரவில்லை. இரட்டையர் பலர், தனியாகப் பிறந்த குழந்தைகளைவிடச் சற்றுத் தாமதமாகவே பேசத் தொடங்குகின்றனர். பெரியவர்கள் தனித்துப் பேசும் நேரம் இருவருக்குமாகப் பிரிவதும், குறைமாதப் பிறப்பும் இதற்குக் காரணங்கள்.

பாகலூர், ஓசூர் பகுதிகளில் பெற்றோர் பலர் ஆலைகளில் ஷிப்ட் முறையில் பணிபுரிகின்றனர். காலையில் தாய், மாலையில் தந்தை, இடையில் பாட்டி எனப் பொறுப்பு மாறும்போது விதிகளும் மாறினால் குழந்தைகள் குழம்புவர். கடித்தால் என்ன செய்வது என்பதை வீட்டார் அனைவரும் ஒன்றாக முடிவு செய்துகொள்ளுங்கள்.

சண்டையின்போது

அடி விழும் முன் இடையில் கை கொடுத்துத் தடுங்கள். அடிபட்ட குழந்தையை முதலில் கவனியுங்கள். பின்னர் அடித்த குழந்தையிடம், "கடிக்கக் கூடாது, வலிக்கும். 'எனக்குக் கொடு' என்று கேள்" எனச் சுருக்கமாகச் சொல்லுங்கள். "யார் முதலில் அடித்தது?" என்ற விசாரணைக்கு இவ்வயதில் பயனில்லை. பதிலுக்குக் கடித்துக் காட்டுவதும் அடிப்பதும், வலியவர் வெல்வார் என்பதையே கற்பிக்கும்.

கடித்த இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவுங்கள். தோல் கிழிந்திருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அன்றாடம்

பசியும் தூக்கமின்மையும் சண்டையைப் பெருக்கும். உணவு, உறக்க நேரங்களைக் காத்துக்கொள்ளுங்கள். மிக விரும்பும் பொம்மையில் இரண்டு வாங்கலாம். மற்றவற்றுக்குப் பத்து வரை எண்ணி முறை மாற்றலாம். ஒவ்வொரு குழந்தைக்கும் நாள்தோறும் பத்து நிமிடமாவது தனியே ஒதுக்குங்கள். ஒருவரைக் கடைக்கு அழைத்துச் செல்வதும் போதும்.

ஐந்து நிமிடம் முந்திப் பிறந்தவனிடம் "நீ பெரியவன், விட்டுக்கொடு" என்று கூறுவது நம் வழக்கம். அவனுக்கும் அதே வயதுதான். "இவள் சாது, அவன் முரடன்" என்ற பேச்சும் அவ்வாறே. அதை நாள்தோறும் கேட்கும் குழந்தை அப்பெயருக்கேற்பவே நடக்கத் தொடங்கும். சண்டை மறந்துபோகும், சூட்டிய பெயர் எளிதில் போகாது.

மருத்துவரை நாட வேண்டியபோது

இரண்டு வயது நிறைந்தும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாமை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, பேசிய சொற்களை இழத்தல், ஒரே குழந்தை எப்போதும் அடிபடுதல், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளுதல் ஆகியவை தெரிந்தால் தாமதியாமல் வாருங்கள். வீட்டில் தமிழ், தெலுங்கு, கன்னடம் என மும்மொழி புழங்குவது பேச்சுக் குறைபாட்டை உண்டாக்காது; எனவே அதைக் காரணமாகக் கொண்டு காத்திருக்க வேண்டாம்.

இருவரைப் பார்த்துக்கொள்பவரின் களைப்பும் கவனிக்கத் தக்கதே. கை ஓங்கத் தோன்றினால், குழந்தைகளைப் பாதுகாப்பான இடத்தில் விட்டுச் சில நிமிடம் விலகி நில்லுங்கள். மனச்சோர்வு நீடித்தால் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். உதவி கேட்பது பொறுப்பான பெற்றோரின் செயலே.