இரும்புச்சத்து இருந்தும் இரத்தசோகை ஏன்?

"கீரை, பேரீச்சம்பழம், மாத்திரை எல்லாம் கொடுத்தும் ஹீமோகுளோபின் ஏறவில்லையே?" முடக்குவாதம், காசநோய், நாட்பட்ட சிறுநீரக நோய் உடையோரின் குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. குறை உங்கள் கவனிப்பில் இல்லை. காரணம் பெரும்பாலும் அழற்சியில் உள்ளது.

உணவிலிருந்து நாள்தோறும் உடல் உறிஞ்சுவது 1 முதல் 2 மில்லிகிராம் இரும்பே. எலும்பு மஜ்ஜை சிவப்பணுக்களை ஆக்குவதற்கோ நாளொன்றுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் தேவை. ஏறத்தாழ 120 நாள் வாழ்ந்து முதிர்ந்த சிவப்பணுக்களை மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள விழுங்கணுக்கள் சிதைத்து, அவற்றிலுள்ள இரும்பை இரத்தத்திற்குத் திருப்பித் தருகின்றன. தேவையின் பெரும்பகுதி இவ்வாறே நிறைவேறுகிறது.

அழற்சியின்போது கல்லீரல் ஹெப்சிடின் என்னும் இயக்குநீரை மிகுதியாகச் சுரக்கிறது. அது குடலிலும் விழுங்கணுக்களிலும் இரும்பு வெளியேறும் வாயிலை அடைத்துவிடுகிறது. கிருமிகள் பெருகவும் இரும்பு வேண்டும் என்பதால், இது உடலின் தற்காப்பே. ஆனால் அழற்சி மாதக்கணக்கில் நீடித்தால், சேமிப்பில் இரும்பு இருந்தும் மஜ்ஜைக்கு எட்டுவதில்லை. உண்ணும் மாத்திரையும் சரிவர உறிஞ்சப்படுவதில்லை.

சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு இந்நிலையில் இயல்பாகவோ உயர்ந்தோ இருக்கும். இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரினின் நிறைவு விழுக்காடு குறைந்திருக்கும். அழற்சியே ஃபெரிட்டினை உயர்த்துவதால், அந்த ஓர் எண்ணைக் கொண்டு இரும்புக்குறை இல்லை என்று முடிவுசெய்ய இயலாது. இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருக்கலாம். எனவே சிஆர்பி உள்ளிட்ட பரிசோதனைகளையும் இணைத்தே பார்க்கிறோம்.

அழற்சிக்குக் காரணமான நோயைக் கட்டுப்படுத்துவதே முதன்மையான சிகிச்சை. அழற்சி தணிந்தால் அடைபட்ட வாயில் திறக்கும்; ஹீமோகுளோபினும் படிப்படியாக உயரும். உண்மையான இரும்புக்குறையும் இருப்பின், சிலருக்கு நரம்புவழி இரும்பு ஊசி தேவைப்படும். சிறுநீரக நோயாளர் சிலருக்கு எரித்ரோபொய்ட்டின் ஊசியும் வேண்டியிருக்கும்.

ஆகவே, ஹீமோகுளோபின் ஏறவில்லை என்று மாத்திரையை நீங்களாகவே கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். முடக்குவாத மருந்தையோ காசநோய் மருந்தையோ இடையில் விடவும் வேண்டாம். பழைய பரிசோதனை அறிக்கைகளைத் தவறாமல் கொண்டுவாருங்கள். இரும்பு மாத்திரையால் மலம் கருமையாவது உண்டு. ஆனால் தார்போல் ஒட்டும் கருமலம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினும் அடுத்த சந்திப்புவரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.