வத்திக்கானில் இருந்த தமிழ் அகராதி கோலாலம்பூர் வந்த கதை

மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1966இல் ஒரு தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியை வெளியிட்டது என்பது மாணவர்களான நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கு இரண்டாம் ஆண்டு படிக்கும்போதுதான் தெரிந்தது.

அந்தாவோ தெ புரோவென்சா என்ற இயேசு சபைத் துறவி தொகுத்த அகராதி அது. அவர் மறைந்த பிறகு, 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சானது. 16,000க்கும் மேற்பட்ட சொற்கள். வத்திக்கான் நூலகத்தில் கிடந்த பிரதியை 1954இல் கண்டெடுத்தவர் தனிநாயகம் அடிகள். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குருவான அவர், பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

கண்டெடுப்பதை ஒருவர் செய்துவிடலாம். அதைப் படிக்க, சரிபார்க்க, பதிப்பிக்கப் பலர் வேண்டும். தமிழ்க் கத்தோலிக்கரின் பழைய ஏடுகள் லிஸ்பன், ரோம், கோவா, பாரிஸ் என்று சிதறிக் கிடக்கின்றன. போர்த்துக்கீசியம், இலத்தீன், பிரெஞ்சு, பழைய தமிழ் நான்கும் அறிந்தவர் எங்கே கிடைப்பார்?

இது அடிகளுக்கு நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும். போன இடமெல்லாம் ஒரு சங்கத்தையோ இதழையோ தொடங்கினார். 1948இல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகம். 1952இல் ‘தமிழ் கல்ச்சர்’ என்ற ஆங்கில இதழ். ஐரோப்பிய நூலகங்களில் உள்ள தமிழ்ச் சுவடிகளைப் பற்றி அதில் எழுதினார். 1964இல் புதுடில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றார். மன்றத்தின் முதல் மாநாடு 1966 ஏப்ரலில் நம் கோலாலம்பூரில் நடந்தது.

பலன் பிறகும் தொடர்ந்தது. 1586இல் அச்சான ‘அடியார் வரலாறு’, இராசமாணிக்கம் அடிகளாரின் பதிப்பாக 1967இல் மீண்டும் வந்தது. வெளியிட்டது அதே தூத்துக்குடிக் கழகம்!

உலகத் தமிழாராய்ச்சி மன்றம் ஒரு கத்தோலிக்க அமைப்பு அல்ல. அதுவே நல்லது என்பேன். திருச்சபைக்குள் மட்டும் புழங்கும் வரலாறு புகழ்மாலையாகிவிடும். மொழியியலாரும் பிற சமயத்தாரும் கேள்வி கேட்கும் சபையில்தான் அது ஆய்வாகும்.

நான் இதை எழுதக் காரணம் உண்டு. கிள்ளான் தமிழ்க் கத்தோலிக்கரைப் பற்றி இறுதியாண்டு ஆய்வேடு எழுதத் தொடங்கியிருக்கிறேன். கிள்ளான் லூர்து மாதா ஆலயம் 1928இல் எழுந்தது. இங்கே பணியாற்றிய பிரெஞ்சுக் குருக்களின் கடிதங்களைத் தேடிப் பாரிஸ் போகலாம். தோட்டத்தில் செபம் சொல்லிக் கொடுத்த உபதேசியாரைப் பற்றி அறிய எங்கே போவது? கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் உள்ள எண்பது வயதுப் பெரியவர்களிடம்தான் போக வேண்டும். அவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

எனக்குத் தமிழ், மலாய், ஆங்கிலம் வரும், பிரெஞ்சு வராது. தனியாளாகச் செய்தால் பாதிக் கதைதான் மிஞ்சும். 1877இல் சிங்கப்பூரில் தொடங்கிய அரச ஆசியக் கழகத்தின் மலேசியக் கிளை இன்றும் ஆய்விதழ் நடத்துகிறது. அதில் வெளியாகும் தரத்துக்கு இதை எழுதிவிட ஆசை. இப்போதைக்குப் பழைய ஞானஸ்நானச் சீட்டுகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பெட்டியில் ஒன்று இருந்தால், தாத்தா பாட்டியிடம் எந்தத் தோட்டம், ஞானத்தாய் தந்தை யார் என்று இந்த வாரமே கேட்டு அதன் பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள்.